ரீச்சர் வீட்டு ஆட்கள்

ரீச்சர் வீட்டில் நான் ஒருநாளும் கதிரையில் இருந்து சாப்பிட்டதில்லை. கதிரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இருக்கப்போனால், "எழும்பு, எழும்பு. கதிரை வாற ஆக்களுக்கு. நீ வீட்டு ஆள், உதிலை நிண்டு சாப்பிடு" என்பார். நானும் சமையலறையில் சிங்க்குக்குப் பக்கத்தில் நின்றபடி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிடுவேன். பெருமை தாங்காது. அப்பாவும் அம்மாவும் மொன்றியலில். நான் படிக்கவென்று ரொறொன்ரோ வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் மேல் அறையில் தனியாக இருந்தவள். கோடையில் மட்டும் தங்கை வீட்டில் வந்து தங்குபவர் என்றாலும், இந்த நகரத்தில் என்னை நிற்க வைத்துச் சாப்பாடு போட ஒருவர் கிடைத்திருந்தார்.

முன்பின் தெரியாத ஒருவரை வீட்டு ஆளாக்குவது ரீச்சருக்குக் கைவந்த வேலை. கோயில் வரிசையில் முன்னால் நிற்பவரை ஆக்குவார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரை ஆக்குவார். ஒருமுறை புதுச் சோபா கொண்டுவந்து இறக்கிய பொடியனிடம் அவன் தாயின் ஊரை விசாரித்து, தாயின் முழங்கால் வருத்தத்துக்கு எண்ணெய் சொல்லி, ஒரு வடையும் கொடுத்தார். அவன் திரும்பிப் போகும்போது பழைய சோபாவைத் தனியாக முதுகில் தூக்கிக்கொண்டு போனான், குப்பை எடுக்கும் இடத்தில் போட. அது அவன் வேலையே இல்லை. சிரித்துக்கொண்டே போனான். ரீச்சரின் வீட்டு ஆட்கள் எல்லோரும் எதையோ ஒன்றைத் தூக்கினார்கள். சந்தோசமாகத்தான் தூக்கினார்கள்.

நான் தூக்கிய முதல் சாமான் ஒரு ஸ்லைட் புரொஜெக்டர்.

ஒரு கோடையில் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்கள் ஒரு கூட்டம் வைத்தார்கள். வடக்கே, தெருவே போகாத ஒரு பூர்வகுடி ஊரில், கிரீ மக்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பதி வந்து பேசப்போகிறார்கள் என்று அறிவித்தல். நான் மானிடவியல் படித்துக்கொண்டிருந்தேன். பூர்வகுடிகளைப் பற்றி நூலகத்தில் இருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, கண்ட இடத்தில் அதையே கதைத்து, சிநேகிதிகள் என்னைக் கண்டால் மறுபக்கத் தெருவுக்கு மாறுகிற காலம். முதல் வரிசையில் போய் இருந்தேன்.

ரீச்சர் கணிதம் படிப்பிப்பவர். அவருடைய கணவர் விஞ்ஞானம். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அவர்களுடைய யாழ்ப்பாணத்துத் தகுதிகளை இந்த நகரத்துப் பள்ளிக்கூடங்கள் ஏற்கவில்லை. வடக்கு ஏற்றுக்கொண்டது. கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "மாஸ்டர், இக்லூவுக்குள்ளையோ இருக்கிறியள்?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி. நாலு அறை இக்லூ. பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டிருக்கிறம்."

மண்டபம் சிரித்து ஓய்ந்தது. மாஸ்டர் அன்றைக்குத் தானாகச் சொன்ன ஒரே வசனம் அதுதான். மற்றதெல்லாம் ரீச்சர் சொன்னார், அவர் தலையாட்டினார்.

"நாங்கள் போய் இறங்கின முதல்நாள் பிள்ளையள் என்ன கேட்டவை தெரியுமோ? பேர் கேக்கேல்லை. எந்த நாடெண்டு கேக்கேல்லை. 'எப்ப போகப்போறீங்கள்?' எண்டு கேட்டவை. எங்களுக்கு முன்னம் வந்த ரீச்சர்மார் ஆறு உறைய முன்னம் பெட்டி கட்டிப்போட்டினம். நான் சொன்னன், நான் விருந்துக்கு வரேல்லை, நான் இந்த வீட்டு ஆள் எண்டு."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய், "ரீச்சர், எனக்கும் அங்கை வந்து படிப்பிக்கவேணும்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளைக்குக் கார் ஓடத் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப உந்த மெஷினைத் தூக்கு."

அடுத்த பெப்ரவரி விடுமுறைக்கு வடக்கே போனேன். பழைய மினிவான் போலக் குலுங்கிய சின்ன விமானம். இறங்கிய இடத்தில் காற்றுத் திசை காட்டும் ஒரு துணிப்பையும் ஒரு கொட்டிலும். என்னை ஏற்ற வந்தவர் மார்த்தா. தோல் கையுறை போட்ட கையால் என் பெட்டியைப் பனிவண்டியில் கட்டிவிட்டு, "நீ அவளுடைய ஆளா?" என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, கேட்டார். ஓம் என்றேன். "நானும்" என்றார்.

மார்த்தா அந்தப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறினால் கிரீயில் எடுத்துச் சொல்பவர். கணவன் ஏரியில் இறந்துவிட்டார். ஒரே மகன், ரீச்சரின் வகுப்பில். ரீச்சரும் மாஸ்டரும் ஒவ்வொரு கோடையிலும் ரொறொன்ரோ வந்து திரும்பும்போது, விமானத்தடிக்குப் போய் ஏற்றுவதும் அவர்தான். அதற்கு முதல்நாளே அவர்களுடைய வீட்டைத் திறந்து, விறகடுப்பை மூட்டி, சுவர்களின் ஈரம் போகச் சூடாக்கி வைப்பதும் அவர்தான். ரீச்சரின் மகள் சிந்து மார்த்தாவின் வீட்டில்தான் பாதி நாள் வளர்ந்தாள். மார்த்தாவை அவர்கள் மொழியில் சின்னம்மா என்று பொருள்படும் சொல்லால் கூப்பிடுவாள்.

அந்த ஒரு கிழமையில் நான் கண்ட ரீச்சரை யாராவது குறை சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். பின்னேரமானால் வீடு முழுக்கப் பிள்ளைகள். குளிர்பெட்டியைக் கேட்காமலே திறந்தார்கள். ரீச்சர் மூங்கில் குழலில் புட்டு அவித்து, தேங்காய்ப்பூ அடுக்குக்கு அடுக்கு வெட்டி, அதில் பின்னங்கள் படிப்பித்தார். "பகுதியைச் சாப்பிட்டுவிட்டேன், இனித் தொகுதிக்கு என்ன நடக்கும்?" என்று ஒரு பையன் கேட்க, ரீச்சர் நிலத்திலேயே குந்தியிருந்து சிரித்தார். இன்னொரு பையன் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தான். ரீச்சர் அவன் வீட்டுக்குப் போய், மேசையில் ஒரு கணக்கை எழுதி வைத்துவிட்டு, சும்மா இருந்தார். நானும் இருந்தேன். தேநீர் வந்தது, ஆறியது. வெகுநேரம் கழித்து அவன் அறைக்குள்ளிருந்து வந்து பென்சிலை எடுத்தான்.

திரும்பி நடக்கும்போது, "எழும்பிப் போகாமல் இருக்கிறதுதான் பிள்ளை படிப்பிக்கிறது. மற்றதெல்லாம் பிறகு" என்றார். பனியில் எனக்கு இறக்கை முளைத்தது.

ஒன்றை மட்டும் அப்போது வேறுவிதமாக விளங்கிக்கொண்டேன். ஒருநாள் ரீச்சர் மூஸ் மான் இறைச்சிக்கு யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் கறி வைத்தார். மருத்துவத் தாதி வந்திருந்தார், பள்ளிக்கூட அதிபர் வந்திருந்தார். அவர்கள் கதிரைகளில். இறைச்சியைக் கொண்டுவந்த மார்த்தா சிங்க் ஓரத்தில் தட்டோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் நான். எங்களுக்குள் ஒரு பெரிய உறவு கண்டுபிடிக்கப்பட்ட மாதிரி அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அந்த வசந்தத்தில் சிந்து பெரிய பிள்ளையானாள். கோடையில் ரீச்சர் குடும்பம் வழக்கம்போல வெக்ஸ்போர்ட்டில் தங்கை வீட்டுக்கு வந்து இறங்கியது. ஓகஸ்ட்டில் சாமத்திய வீடு. சுவிஸ், லண்டன், நோர்வே எங்கும் இருந்து சொந்தங்கள் வர, விமான நிலையத்துக்கும் வீட்டுக்குமாக நான் ஓடினேன். சேலைச் சட்டை தைக்கக் கொடுத்தேன், எடுத்தேன். ஒஷாவாவில் ஒரு பண்ணையில் வாழைமரம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனேன். அது சோளம்.

ஒருநாள் எல்லோருக்கும் அழைப்புக் கார்ட் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். "எனக்கு எங்கை ரீச்சர்?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"உனக்கென்னடி கார்ட்? கார்ட் பிறத்தியாருக்கு. மார்த்தாவுக்கும் நான் கார்ட் அனுப்பேல்லை, போனிலைதான் சொன்னனான். நீங்கள் வீட்டு ஆக்கள். ஞாயிற்றுக்கிழமை விடியவே வந்து நிக்கவேணும், சொல்லிப்போட்டன்."

என் கன்னத்தைக் கிள்ளினார்.

மார்த்தா வருகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன விமானம், பிறகு ரயில், பிறகு பஸ் என்று வந்தார். தங்கை வீட்டில் படிக்கட்டிலும் ஆட்கள் படுத்திருந்தபடியால், "உன்னோடை வைச்சிரு பிள்ளை" என்று ரீச்சர் சொல்லியிருந்தார். என் கட்டிலை மார்த்தாவுக்குக் கொடுத்தேன். அவர் பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு பாவாடை: கருநீலம், கீழே சிவப்பு, மஞ்சள், வெள்ளை ரிப்பன்கள் வரிவரியாக வைத்துத் தைத்தது. குளிர்காலம் முழுக்கத் தைத்ததாம். சுருக்கம் விழாமல் என் அறைக் கதவில் தொங்கவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரீச்சர் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்தார். மார்த்தாவைக் கட்டிப்பிடித்து, "என் சகோதரி" என்றார். "ஞாயிற்றுக்கிழமை சிந்துவுக்குப் பக்கத்தில் நீதான் நிற்கவேண்டும். விளக்குத் தட்டைச் சுற்றி ஆலாத்தி எடுக்கவேண்டும்." எப்படிச் சுற்றுவது என்று என் சாப்பாட்டுத் தட்டை வைத்துக் காட்டியும் கொடுத்தார். மார்த்தா இரண்டு மூன்று தரம் சுற்றிப் பழகினார்.

வாசலில் என்னிடம் தமிழில், "நாளைக்கு அவ சும்மா அறைக்குள்ளை இருக்கவேண்டாம். நயாகராவைக் காட்டிக்கொண்டு வா. அவசரமில்லை, பொழுதுபட்டு வந்தாக் காணும்" என்றார்.

ஏன் என்று நான் கேட்டேனா? இல்லை. நயாகரா! மார்த்தாவோடு! வழியெல்லாம் கேட்கவென்று கேள்விகள் சேர்த்து வைத்திருந்தேன்.

மார்த்தா நீர்வீழ்ச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நிறையத் தண்ணீர்" என்றார். பிறகு, மரியாதைக்குப் போல, "எங்கள் ஆற்றிலும் தண்ணீர்தான். ஆனால் கைபிடிக் கம்பி இல்லை" என்றார்.

சிரித்துவிட்டு ஒரு வாங்கில் இருந்தோம். அங்கேதான் வசந்தத்தில் நடந்ததைச் சொன்னார். அன்று காலை சிந்து முதலில் ஓடிப்போனது மார்த்தாவிடம். மார்த்தா கூட்டிக்கொண்டு போனபோது, ரீச்சர் உடைந்து அழுதிருக்கிறார்: இங்கே என் அம்மா இல்லை, மச்சாள் இல்லை, என் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க ஒருத்தரும் இல்லை என்று.

"நான் இருக்கிறேன் என்று சொன்னேன். நான்தான் ஊற்றினேன். ஆற்றுத் தண்ணீர், அடுப்பில் சூடாக்கி. பிறகு கறுப்பாக ஒரு களி கொடுத்தாள். பிள்ளை வாயைத் திறக்கமாட்டேன் என்றது. நான் முதலில் சாப்பிட்டுக் காட்டினேன். பச்சை முட்டையும் குடித்தேன்."

"பச்சை முட்டையா? ஏன்?"

"அவளுக்குத் துணைக்கு."

பிறகு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். அவருக்கு அது வந்தபோது, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்து வைத்த விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தாராம். ஒரு பழந்துணியைக் கையில் கொடுத்து, யாருக்கும் சொல்லாதே, கட்டிலுக்குப் போ என்றார்களாம். அந்த நாளில் ஒரு பெண்பிள்ளைக்குச் செய்யவேண்டியது மார்த்தாவின் மக்களுக்கும் இருந்தது. செய்வதற்கு அம்மா பக்கத்தில் இல்லை.

"உங்களிடம் அது இன்னும் இருக்கிறது" என்றார். "ஒரு பெண்பிள்ளைக்கு ஊர் கூடி அதைச் செய்வதை நான் ஒருமுறை பார்க்கவேண்டும். அதற்குத்தான் வந்தேன்."

மத்தியானம் தாண்டியதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சடங்குக்கு முதல்நாள் பிள்ளையைத் தனியே விடக்கூடாது, போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. நேரே ரீச்சரின் தங்கை வீட்டுக்கு விட்டேன்.

வீடு பூட்டியிருந்தது. முன்முற்றத்தில் ஒரு காரும் இல்லை. நான் மணியை அடித்துக்கொண்டு நிற்க, பக்கத்து வீட்டு நானா, வயரிங் வேலை செய்கிற முஸ்லிம் அண்ணன், கோட் சூட்டோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன தங்கச்சி, நீங்க இன்னம் ஹோலுக்குப் போகல்லியா? நாங்கதான் லேட்டு எண்டு பாத்தா!"

"ஹோலுக்கோ? நாளைக்கெல்லோ நானா?"

"இண்டைக்குத்தானே, புள்ள. கார்ட்ல சனிக்கிழமை எண்டுதானே போட்டிருக்கு. தண்ணி வாக்கிறதெல்லாம் காலையிலேயே முடிஞ்சு. இப்ப சாப்பாடு."

காரில் ஏறியதும் மார்த்தா, "என்ன சொன்னார்?" என்று கேட்டார். இன்றைக்குத்தானாம் என்றேன். அவர் சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார்.

மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள். நான் ரீ-சேர்ட்டில். மார்த்தா ஜீன்ஸும் சாம்பல் நிற ஸ்வெற்றரும். சப்பாத்தில் நயாகராவின் ஈரம். பாவாடை என் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. மேடையில் சிந்து கூறைச் சிவப்பில், தலை நிறைந்த பூவோடு நின்றாள். ஆலாத்தி நடந்துகொண்டிருந்தது. தட்டின் ஒரு பக்கத்தை அவளுடைய மாமி பிடித்திருந்தார். மறுபக்கத்தைப் பிடித்திருந்தது, பச்சைச் சேலை உடுத்திய ஒரு வெள்ளைக்காரப் பெண். வீடியோக்காரர் அவரைத்தான் கிட்ட எடுத்தார்.

ரீச்சர் எங்களைக் கண்டார். ஒரு கணம் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு படியிறங்கி, எல்லோருக்கும் சிரித்தபடி, எங்களிடம் வந்தார்.

"வந்திட்டியளே! நல்ல காலம். கிச்சினிலை கை காணாமல் நிண்டனான். வாங்கோ, வாங்கோ, வீட்டு ஆக்கள்தானே."

மார்த்தாவின் கையைப் பிடித்து மண்டபத்தின் ஓரமாகவே நடத்திச் சமையலறைக்குள் கூட்டிப்போனார். நான் பின்னால் போகவில்லை. மாஸ்டர் வேட்டியும் சால்வையுமாக ஒரு தூணோடு நின்றார். என்னைக் கண்டு கண்ணை எடுத்தார்.

"ஆர் மாஸ்டர் அந்த வெள்ளைக்காரி?"

"அவ… எங்கட பிரின்சிப்பல், பிள்ளை."

"எங்கட எண்டால்? அங்கத்தையப் பிரின்சிப்பல் ஆம்பிளையெல்லோ."

சால்வையை எடுத்து மற்றத் தோளில் போட்டார். "இஞ்சை. ஸ்காபரோவிலை. வடக்கிலை படிப்பிச்சதைக் காட்ட ஏற்றுக்கொண்டினம். செப்ரெம்பர் தொடங்க ரெண்டு பேருக்கும் வேலை. யூனியன்வில்லிலை வீடும் பாத்தாச்சு. ஏன், அவ உனக்குச் சொல்லேல்லையே?"

"மார்த்தாவுக்குத் தெரியுமோ?"

அவர் மேடையைப் பார்த்தார்.

நான் சமையலறைக்குள் போனபோது மார்த்தா கடதாசித் தட்டுகளுக்குள் வாழையிலைத் துண்டு வைத்துக்கொண்டிருந்தார். ரீச்சர் அவர் தோளில் கைபோட்டபடி நின்றார். மார்த்தா கேட்டார், "எந்த விமானத்தில் வருகிறீர்கள்? அடுப்பை மூட்டி வைக்கவேண்டும். இந்த முறை மழை கூட, சுவர் நனைந்திருக்கும்."

"வழக்கம்போலத்தான்" என்றார் ரீச்சர். "பள்ளிக்கூடம் தொடங்க முதல்."

நான் தமிழில் வெடித்தேன். "ரீச்சர், ஞாயிறெண்டு சொன்னியள்."

"மெல்லக் கதை. அவ புருசன் இல்லாதவ, பிள்ளை. தட்டை எப்பிடிக் கையிலை குடுக்கிறது? சனம் விடுமே? முகத்துக்கு நேரை சொன்னால் நோகாதே? அதுதான் நோகாமல் உன்னோடை அனுப்பினனான்."

"அந்தப் பச்சைச் சேலைக்காரியின்ர புருசன் எங்கை எண்டு கேட்டனீங்களோ?"

ரீச்சர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"முதல் தண்ணி வாத்தது மார்த்தா. அது தெரியுமோ உங்கட சனத்துக்கு?"

அப்போதுதான் ரீச்சரின் கண்ணில் பயத்தைக் கண்டேன். கை மட்டும் மார்த்தாவின் தோளிலேயே இருந்தது, தட்டிக்கொடுத்துக்கொண்டு. "சத்தம் போடாதை. வெளியிலை வீடியோ ஓடுது" என்றார். பிறகு குரலை இளக்கி, "நீ வீட்டு ஆள். உனக்கு விளங்கும்" என்றார்.

விளங்கியது. வழக்கம்போலத்தான் என்று மார்த்தாவிடம் பொய் சொல்ல வேண்டிய தேவைகூட ரீச்சருக்கு இருக்கவில்லை. இந்தப் பெண்ணை இனி அவர் காணவே போவதில்லை. நாங்கள் நின்று சாப்பிட்டது, ஓடியது, தூக்கியது எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான். எங்களிடம் எதையும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் அது. அந்த எழும்பிப் போகாத ரீச்சர் எங்கே என்று அவர் முகத்தில் தேடினேன். அவரும் பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. முழுக்கப் பொய்யான ஒருவர் என்றால் மறந்துவிட்டிருப்பேன்.

மார்த்தா தட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்து, "நாங்கள் போகலாம்" என்றார்.

வெளியே போக மேடையைத் தாண்டித்தான் போகவேண்டும். சிந்து மார்த்தாவைக் கண்டுவிட்டாள். அந்தச் சொல்லால், அவர்கள் மொழியில், கூப்பிட்டாள். இறங்கப்போனவளின் தோளைச் சித்தி அமத்தினார். "அசையாதை, பூ கழண்டிடும்." மார்த்தா ஸ்வெற்றர் கையை இழுத்துவிட்டு, வயிற்றளவில் கையை வைத்துச் சின்னதாக ஆட்டினார். சிந்து சிரித்தாளா, அழப்போனாளா, அந்தப் பூச்சுக்குள் எனக்குப் பிடிபடவில்லை. பிளாஷ் அடித்தது.

காரில் மார்த்தாதான் முதலில் கதைத்தார்.

"நீ அவளோடு கடுமையாகக் கதைத்தாய். வேண்டாம்."

"உங்களை ஏமாற்றி அனுப்பியிருக்கிறார்! என்னை வைத்து ஏமாற்றியிருக்கிறார்!"

"எனக்குச் சனிக்கிழமையும் தெரியும், ஞாயிற்றுக்கிழமையும் தெரியும். நான் குழந்தை இல்லை." கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "ஆனால் நாங்கள் கோபப்பட்டால் அவள் வரமாட்டாள். கோபப்பட்டுப் போன ரீச்சர்மார் திரும்பி விமானம் ஏறியதில்லை. என் மகன் இனி எட்டாம் வகுப்பு. அவள் சொன்னால்தான் அவனுக்குக் கணக்கு விளங்குகிறது. அதனால்தான் தட்டு அடுக்கினேன். நீயும் போய் மன்னிப்புக் கேள். எனக்காக."

சிவப்பு விளக்கில் நின்றோம். சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டால், அவர் ஊருக்குப் போய் விறகு பிளப்பார், அடுப்பை மூட்டுவார், ஒவ்வொரு விமானத்துக்கும் போய் நிற்பார். எல்லாவற்றையும் விழுங்கியது ஒன்றுக்காகத்தான்; அந்த ஒன்றும் ஏற்கெனவே போய்விட்டது.

"அவர்கள் வரமாட்டார்கள், மார்த்தா" என்றேன். "இங்கேயே வேலை எடுத்துவிட்டார்கள். ரெண்டு பேரும். அந்தச் சேலை உடுத்திய பெண்தான் அவர்களுடைய புது அதிபர்."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் எடுத்தேன். லோரன்ஸ் வீதி நீளத்துக்கும் அவர் இரண்டு கைகளையும் மடியில் கோர்த்து வைத்திருந்தார். என் வீட்டடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்த பிறகும் இறங்கவில்லை.

"சிந்துவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "அவளுக்கு ஒன்றும் தெரியாது."

தெரியுமா தெரியாதா என்று நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. இன்றுவரை கேட்கவுமில்லை. மார்த்தா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் சீட் பெல்ட்டைக் கழற்றினார்.